ஜாங்கிரி ஸ்டியரிங்

மூன்றாவது ஆல்பத்தையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டாள் கயல். அதிலும் அம்மா இல்லை. கழுத்துக்கு மேலே அழகாக வெட்டிய ஓட்டைதான் இருந்தது. பழனியில் ஓட்டை, மாமல்லபுரத்தில் ஓட்டை, கயலின் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கும் ஓட்டை.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா தேவானை படுத்திருந்தாள். வாசலில் அச்சகக்காரர் மெஹபூப் அலி செல்போனும் கையுமாக நின்றார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு முகம் வேண்டும்.

"இன்னா கயலு, ஒரு படம் கூடவா இல்ல?"

"ஆதார் இருக்கு பாய்."

வாங்கிப் பார்த்தார். "இது அக்காவே இல்லம்மா. வேற யாரோ."

செல்போனில் இருந்ததெல்லாம் இந்த ஒரு வருஷத்துப் படங்கள். மருந்து தின்று மிச்சம் வைத்த முகம். அம்மாவைச் சிரித்த முகமாகவே பார்த்த தி.நகர் தெரு கடைசியாக அந்த முகத்தையா பார்க்க வேண்டும்? கயலுக்கு மனசு வரவில்லை.

வெட்டிய தலைகள் எங்கே போயின என்பது வீட்டுக்கே தெரிந்த ரகசியம். சமையலறைக்கு வெளியே சுவர் முழுக்க அம்மா ஒட்டிய அட்டைகள். கல்யாணப் பத்திரிகை, ரங்கநாதன் தெரு நோட்டீஸ், பாய் கடையில் கழித்துப் போட்ட காகிதம் எதுவும் அவளிடமிருந்து தப்பாது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் கத்தரிக்கோலும் மைதாப் பசையுமாக உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒட்டினதைப் பிரிக்கக் கூடாது. கோணலாகப் போனால் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்ட வேண்டும். "வாழ்க்கையில மட்டும் என்ன, பிரிச்சுப் பிரிச்சா ஒட்டுறோம்? மேல மேல ஒட்டிக்கிட்டே போக வேண்டியதுதான்" என்று சிரிப்பாள்.

கல்யாணப் படத்தை வெட்டியதற்காகக் கயல் அவளோடு பல நாள் பேசவில்லை. தேவானை அசரவே இல்லை. "அதுல சும்மா நின்னுக்கிட்டிருந்தேன்டி. இங்க பாரு, பஸ் ஓட்டுறேன்."

அந்த அட்டையைத்தான் கயல் இப்போது சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். காக்கிச் சட்டைக்கு மேலே ஜிமிக்கி போட்ட அம்மா, மகள் கல்யாணத்துச் சிரிப்பு மாறாமல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் இனிப்புக்கடை நோட்டீஸிலிருந்து வெட்டிய பெரிய ஜாங்கிரி. பின்படியில் அப்பா ரகுபதி தொங்கிக்கொண்டு வந்தார்.

அப்பாவின் அக்கா ஜெயபாரதி தலையில் அடித்துக்கொண்டாள். "எழவு வீட்டுல என்னடி கூத்து இது? ஊரே கைகொட்டிச் சிரிக்கும். பதினாறாம் நாளு மாலை போடணும்ல, இதுக்கா போடுவ?"

"கம்ப்யூட்டர்ல சரி பண்ட்லாம்மா" என்றார் மெஹபூப் அலி. "ஆல்பத்துல பட்டுப்பொடவையோட ஒடம்பு கீது. தலைய அங்கயே திருப்பி மாட்டிவுட்டா ஆச்சு."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா மறுபடி சும்மா நிற்கப் போய்விடுவாள். வேண்டாம் என்று சொல்லவோ அத்தைக்கு எதிரே கயலுக்கு நாக்கு எழவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

காலையிலிருந்து வாய் திறக்காத மனிதர், ஐஸ் பெட்டியின் மேல் பூக்கிற ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கை நிற்காமலேயே சொன்னார்.

"ஒட்டுனத பிரிக்க வேணாம் பாய். அவளுக்குப் பிடிக்காது."

"தம்பி, நான் சொல்றதக் கேளு..."

"படியில நானும் தொங்குறேன் பாருக்கா. அதுவும் இருக்கட்டும்."

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் தேவானையை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைதான் வரலாம். அங்கே பஸ் ஸ்டாப் சுவரில், புடவைத் தள்ளுபடி விளம்பரத்தின் மேல், ஜாங்கிரியைப் பிடித்துக்கொண்டு அம்மா சிரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒரு பெண் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தவள் பக்கத்தில் சவ வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

போஸ்டரின் ஒரு மூலை மட்டும் எழும்பியிருந்தது. ரகுபதி போய் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். பசை பிடிக்கும் வரை அப்படியே நின்றார். மேளம் அடித்தவர்களும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

"உள்ள ஏறி உக்காருங்க, இடம் இருக்கு" என்றான் மருமகன் அஸ்வத்.

அவர் உட்காரவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வண்டியின் பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது.