வாசலுக்கு ஒரு மென்பொருள்

1

இந்தக் கதை என் பசியிலிருந்து பிறந்தது. பெரிய காரணம் எதுவும் கிடையாது.

2007. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தில்லியில் புசா ரோட்டுப் பக்கம் மாசிலாமணியின் ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக நான் அங்கே நிற்க வேண்டியதில்லை. மாசிலாமணியின் மனைவி சாந்தகுமாரிதான் வாசலில் நின்று பெயர் எழுதுவாள், பெயர் கூப்பிடுவாள். கூட்டத்துக்குள் என் முகம் தெரிந்தால் கண்ணாலேயே உள்ளே அனுப்பிவிடுவாள். அன்று அவள் இல்லை. நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் பெயரையும் மொபைல் நம்பரையும் கேட்டாள். டேபிள் காலியானால் எஸ்எம்எஸ் வரும் என்று இந்தியில் சொன்னாள். வந்தது, இட்லி தீர்ந்த பிறகு.

சாப்பிட்டுவிட்டு, ஆன்ட்டி எங்கே என்று கேட்டேன். "ஊப்பர்" என்று மாடியைக் காட்டினாள்.

மாடியில் பார்சல் கட்டும் அறை. சாந்தகுமாரி சாம்பாரை பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியில், "நீ கத எழுதுவல்லா, எழுது. ஆனா அதுல என்னைய அழ வைக்காத" என்றாள்.

[நேரில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கதையில் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். அவருடைய கோபம் உடனே இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டது. அதனால் 'அவள்'.]

2

முதல் தொடக்கம்: காலமெல்லாம் வாசலில் நின்றவளை ஒரு இயந்திரம் விரட்டிய கதை இது, அந்த இயந்திரத்துக்கு

வேண்டாம். இயந்திரம் யாரையும் விரட்டவில்லை.

இரண்டாவது: மாசிலாமணி ஈரமில்லாத மனிதர். மனைவியை

இதையும் முடிக்க முடியவில்லை. சாந்தகுமாரிக்கு டைபாய்டு வந்தபோது ஹோட்டலைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவர் அவர். அவரை வில்லனாக நிறுத்தினால் இரண்டு வரிக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறார். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். அதிலேயே போதுமான கசப்பு இருக்கிறது.

3

குளிர் விட்ட சமயம். ஒரு நாள் மாசிலாமணி மனைவியிடம் சொன்னார்: "ஏ குமாரி, வாசலுக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போறோம். ரெண்டு கம்பெனிக்காரன் வாரான். எது வேணும்னு நீயே பாத்துச் சொல்லு."

திருநெல்வேலியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த ஹோட்டலில் எதையும் அவளைக் கேட்டு வாங்கியதில்லை. நாற்காலியும் சரி, விளம்பரப் பலகையும் சரி, அவர் வாங்குவார், இவள் துடைப்பாள். முதன்முதலாகக் கேட்டிருக்கிறார். சாந்தகுமாரி மறுநாளே கரோல்பாக் போய்க் கண் பரிசோதித்து, திரையைப் பார்க்க வசதியாக ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டாள்.

முதல் கம்பெனியின் மென்பொருள் அழகாக இருந்தது. டேபிள்களெல்லாம் பச்சையும் சிவப்புமாக மின்னின. அவள் அதனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துப் பார்த்தாள். எட்டுப் பேர் குடும்பம் வருகிறது, இருவர் இன்னும் காரை நிறுத்தவில்லை. கூப்பிட்ட நேரத்தில் ஆள் இல்லையென்றால் அது பெயரை அழித்துவிட்டது.

"ஒன்னுக்குப் போனவன் திரும்பி வந்தா என்ன செய்வான்?" என்று கேட்டாள். கம்பெனிக்காரருக்கு அதை இந்தியில் சொல்ல மகள் சிந்து வெட்கப்பட்டாள்.

இரண்டாவது, நொய்டாவிலிருந்து வந்த பிரதீப்பின் கம்பெனி. பிரதீப் கோயம்புத்தூர்ப் பையன். அவனுடைய மென்பொருள் ஆள் இல்லாவிட்டால் பெயரைக் கொஞ்சம் கீழே இறக்கியதே தவிர, அழிக்கவில்லை. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஒரு அடையாளம் வேண்டும் என்றாள். அடுத்த முறை வந்தபோது சேர்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"இதுதாங்க வேணும்" என்று கணவரிடம் சொன்னாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில்கூட அதைப் பற்றியே பேச்சு. மாசிலாமணி தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

[இந்த இடத்தில் அவள் சந்தோஷத்தை இன்னும் நீட்டி எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். பின்னால் விழப்போகிறவளை உயரத்தில் ஏற்றி வைக்கும் எழுத்து வேலை அது.]

4

பயிற்சி நாளன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் அந்த நீலக் கோட்டுப் பெண். மதுமதி என்று பெயர்.

"மேடம், யூசர் பேரு இவங்களோடதுதான் குடுத்திருக்காங்க" என்றான் பிரதீப். சொல்லிவிட்டு மாசிலாமணியைப் பார்த்தான். மாசிலாமணி கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடத் தொடங்கினார்.

"அப்ப நான் எங்க நிக்கணும்?"

பிரதீப் மவுஸை மதுமதி பக்கம் நகர்த்தினான்.

மதியக் கூட்டம் வடிந்ததும், காலி டேபிளில் கணவரும் மனைவியும் மகளுமாக உட்கார்ந்தார்கள். சிந்து லேப்டாப்பைத் திறந்து ஒரு இணையதளத்தைக் காட்டினாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: வாசலில் நிற்கும் மதராஸி ஆன்ட்டி தன் ஆட்களை மட்டும் முதலில் உள்ளே விடுகிறார், நாங்கள் குழந்தைகளோடு வெயிலில் நிற்கிறோம். அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் பல.

"இது எப்ப வந்தது?"

"போன தீபாவளிக்கு முன்னால" என்றார் மாசிலாமணி.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியளா? சொல்லியிருந்தா மாத்திக்கிட மாட்டனா?" அவர் லேப்டாப்பை மெல்ல மூடினார். "சரி, என்னையத் தூக்கணும்னு முடிவு பண்ணிட்டிய. அப்புறம் எதுக்கு என்னையவே எடுக்கச் சொன்னிய?"

"உன்னைய விட அந்த வாசல் யாருக்குத் தெரியும்?"

அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். தில்லியில் பிறந்து வளர்ந்த சிந்துவுக்குத் தமிழில் எதை மறைத்துப் பேசுவது என்று தெரியாது. "மம்மி, டென்ஷன் மத் லோ, டென்ஷன் வேணாம். நீயே சூஸ் பண்ணினா அப்புறம் நீ சண்டை போட மாட்டேன்னு பப்பாதான் சொன்னாங்க" என்றாள்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இணையத்தில் எழுதியவர் சொன்னது பொய்யா?

மாடியில் அவளிடமே கேட்டேன். ரப்பர் பேண்டை விரலில் மாட்டியபடி, "நெசந்தான்" என்றாள். "நம்ம ஆளுவள முதல்ல விட்டேன். உன்னைய விடலையா? தமிழ்ல பேசிக்கிட்டு ரெண்டு பிள்ளையளோட வந்து நின்னா, எனக்கு அடுத்தவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாவ."

அவள் மேல் தப்பே இல்லாமல் கதை எழுதினால் வாசகர்களாகிய உங்களுக்கு வசதி. எனக்கும் வசதி. வெயிலில் நின்ற அந்தக் குடும்பத்தைத் தாண்டித்தான் நான் உள்ளே போயிருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் அவள் கோபப்பட்டது வாசல் போனதற்காக அல்ல.

"என் கையாலயே எடுக்க வச்சாவ" என்றாள். அதற்கு மேல் நான் எழுதிப் பார்த்த விளக்கங்கள் எல்லாம் அந்த வரியை நீர்த்துப்போகச் செய்தன.

6

நான் மாடியேறிய நாளுக்கு முந்தைய ஞாயிறு. நல்ல கூட்டம். சாந்தகுமாரி பார்சல் அறையிலிருந்து இறங்கி, பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். மதுமதியின் முன்னால் நின்றாள்.

"பெயர்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு மதுமதி நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, ஆப்?" நீங்களா என்று இந்தியில் திகைத்தாள்.

"சாந்தகுமாரி. ஒரு ஆள். எழுது."

மொபைல் நம்பரும் கொடுத்தாள். நடைபாதையில் மற்றவர்களோடு நின்றாள். பழைய வாடிக்கையாளர்கள் வணக்கம் சொல்லி, விசாரித்து, குழம்பி, உள்ளே போனார்கள். அவள் நின்றாள். மாசிலாமணி கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. எஸ்எம்எஸ் வந்தது. உள்ளே போனாள். நான்கு பேர் உட்காரும் டேபிளில் தனியாக உட்கார்ந்து ஒரு தோசை சொன்னாள். தன் ஹோட்டலில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை.

7

அவளுக்கு நான் படித்துக் காட்டிய முடிவுகள்:

(அ) மாசிலாமணி வந்து எதிரில் உட்காருகிறார். இரண்டு காபி சொல்கிறார். "சினிமா" என்றாள் சாந்தகுமாரி.

(ஆ) அவள் எழுந்து நேராக ரயில் நிலையத்துக்குப் போய்த் திருநெல்வேலிக்கு... முடிக்க விடவில்லை. "அங்க யாரு இருக்கா எனக்கு? அத அடிச்சிரு."

(இ) சிந்து வந்து அம்மாவின் தோளில் கை வைக்கிறாள். இதைக் கேட்டுவிட்டுச் சாந்தகுமாரி பைக்குள் சட்னியை ஊற்றினாள்.

உண்மையில் நடந்தது இது. மாசிலாமணி டேபிள் பக்கம் வந்தார். உட்காரவில்லை. குரலைத் தாழ்த்தி, "நாலு பேரு டேபிள அடச்சுக்கிட்டு இருக்கியே குமாரி. வெளிய கூட்டம் நிக்கில்லா?" என்றார்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"நீதான எழுதுதவ. நீயே சொல்லு." கீழேயிருந்து பார்சல் கேட்டு மணி அடித்தது. அவள் திரும்பிக்கொண்டாள்.

எழுதிப் பார்த்தேன். எந்தப் பதிலும் அவள் குரலில் வரவில்லை. எல்லாம் நான் என் வீட்டில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவையாக இருந்தன. அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

சாந்தகுமாரி சொன்னாள்: "                                        "

நிரப்புங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். மாசிலாமணி சொன்னது பொய்யில்லை. வெளியே கூட்டம் நின்றுகொண்டுதான் இருந்தது.