சிவப்பு அறையின் முன்வாசல்

நோயாளிகள் கையில் சிவப்புப் பட்டையைக் கட்டிவிட்டு நான் திரும்புவதற்குள் கழற்றிவிடுவார்கள். சிலர் இடுப்புத் துணியில் செருகிக்கொள்வார்கள், சிலர் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். பெருக்கும்போது பட்டை கிடைக்கும், ஆள் இருக்கமாட்டார். சலித்துப்போகாமல் இருக்க நான் என்ன கல்லா? நர்சு. அதுவும் சரியாகத் தூங்காத நர்சு.

நார்வேயில் இருக்கும் ஒரு மருத்துவமனையும் எங்கள் ஏரிக்கரை மருத்துவமனையும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. முன்பெல்லாம் வந்த வரிசைதான். கால் ஆணிக்காரர் முன்னால் உட்கார்ந்திருப்பார், மூச்சுத் திணறும் பிள்ளை கடைசியில் கிடக்கும். புது ஏற்பாட்டில் ஆள் வந்தவுடன் பார்த்துவிடுவோம். உயிர் ஊசலாடினால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாமென்றால் மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. சிவப்புக்காரர்களுக்குத் தனி அறை, நல்ல கட்டில், ஆக்சிஜன் மெஷின். மெஷின் அவர்கள் அனுப்பியது. அறையைக் காலி செய்து வெள்ளையடித்தது நாங்கள். மாரித் என்ற டாக்டர் அங்கிருந்து வந்து எங்களோடு தங்கி வேலை பார்த்தாள். எங்கள் ஊர் மக்காச்சோளக் களியான ன்சிமாவைக் கையால் உருட்டிச் சாப்பிடப் பழகியிருந்தாள். என்னைப் போலவே அவளும் களைத்துப் போயிருந்தாள்.

எல்லாம் இருந்தது, ஆட்கள்தான் உள்ளே வர மறுத்தார்கள். அந்த அறைக்குப் போனால் பிணம்தான் என்று ஏரிக்கரை முழுக்கப் பேச்சு.

அன்றைக்கு ஃபலேசி என்ற மீன்காரி தன் மகன் வைசனை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். பால்பல் விழாத பிள்ளை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. சிவப்புப் பட்டை கட்டிவிட்டு உள்ளே போய் மெஷினைப் போட்டேன். திரும்பி வந்தால் அவள் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையின் கையில் பட்டை இல்லை.

"உள்ள வாம்மா. பிள்ளைக்குக் காத்து பத்தலை."

"நான் வரிசையிலயே இருக்கேன் சிஸ்டர். இங்கயே ஊசி போடுங்க."

"ஊசி மட்டும் போதாது. அந்த மெஷின் வேணும். அதை இங்க இழுத்துட்டு வந்தா மாட்டுறதுக்கு பிளக் இல்ல."

"அந்த ரூமுக்குப் போனவங்க யாராவது உசிரோட வெளிய வந்திருக்காங்களா? ஒருத்தரைக் காட்டுங்க, வர்றேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை பேரைப் பிழைக்க வைத்திருக்கிறோம். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிடுங்கினால் மறுநாள் ஆஸ்பத்திரிப் பக்கமே யாரும் வரமாட்டார்கள். கால் கடுத்தது. அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை மாதத்தில் நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் சிவப்பு அறையின் முன்வாசல் நேர் எதிரே தெரிகிறது. கதவு திறந்தது. காலையில் இறந்துபோன கிழவரை முகம் மூடித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிழைத்தவர்களை நாங்கள் உள்கதவு வழியாக வார்டுக்குத் தூக்கிப் போகிறோம். அந்தக் கதவில் உயரமாக ஒரு படி, தள்ளுவண்டி ஏறாது. அதனால் இறந்தவர்களை மட்டும் முன்வாசலில் கொண்டுவருகிறோம். மாரித்தும் நானும் உட்கார்ந்து போட்ட வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணுக்கு அந்த வாசலில் பிணம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ஃபலேசி சொன்னதில் என்ன தப்பு?

ஆண்கள் வார்டுக்கு ஓடினேன். சைக்கிள் டாக்சி ஓட்டும் கெனானி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான்.

"எழுந்திரு. ஒரு நடை போயிட்டு வரணும்."

"அசையாதேன்னு திட்டுனது நீங்கதானே சிஸ்டர்?"

"இப்ப அசையச் சொல்லித் திட்டுறேன். வா."

உள்கதவுப் படியில் அவனை ஏற்றத் திணறியபோது மாரித் ஓடிவந்தாள். "என்ன பண்றீங்க?" என்றாள். "அப்புறம் சொல்றேன், அந்தத் தோளைப் பிடி" என்றேன். பிடித்தாள். சிவப்பு அறைக்குள் நுழைந்து முன்வாசல் வழியே அவனை வெளியே விட்டோம்.

பெஞ்சில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின.

"கெனானியா?" என்றார் ஒருவர். "நீ செத்துட்டன்னாங்களேப்பா. உன் சைக்கிளை உன் மச்சான்ல ஓட்டிட்டுத் திரியுறான்."

"யாரைக் கேட்டு ஓட்டுறான் அந்தப் பய?"

யாரோ சிரித்தார்கள். ஃபலேசி சிரிக்கவில்லை. அவன் மாவுக்கட்டைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீ அந்த ரூம்லயா இருந்த?"

"லாரி அடிச்சுப் போட்டுடுச்சுக்கா. அங்கதான் கண்ணு முழிச்சேன்."

அவள் இடுப்பிலிருந்து சிவப்புப் பட்டையை உருவி, பிள்ளையோடு சேர்த்து என் கையில் கொடுத்தாள். பிள்ளை துவண்டு கிடந்தான். எனக்குப் பயமாக இருந்தது. இவன் போய்விட்டால் இவளை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கோவையாக நினைவில் இல்லை. நார்வேயிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் மாரித்தின் போன் வீடியோவில் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்து மருந்தின் அளவைச் சொன்னார். கரண்டு போனபோது நாங்கள் மாற்றி மாற்றி, மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பையைக் கையால் அழுத்தினோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இறந்துபோனாள். அவளை முன்வாசலில் கொண்டுபோகக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். மாரித் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சிப்பந்திகள் பின்னால். தள்ளுவண்டியைப் படிக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாகக் கொண்டுபோனோம். இனி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்று என் இடுப்பு புரிந்துகொண்டது.

வைசன் கஞ்சி கேட்டான். மறுபடி கேட்டான். மூச்சு தெளிந்து, வார்டுக்கு மாற்றும் நாள் வந்தது. நான் முன்வாசல் கதவைத் திறந்து வைத்தேன். அவனைத் தூக்க ஒரு சிப்பந்தி குனிந்தார். ஃபலேசி அவர் கையைத் தடுத்தாள்.

"தூக்காதீங்க. இங்கிருந்து எல்லாரையும் தூக்கிட்டுத்தானே போறீங்க? தூக்கிட்டுப் போனா இவன் உசிரோட இருக்கான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நடக்கட்டும்."

பிள்ளையின் கால் நடுங்கியது. பெஞ்சில் இருந்தவர்களின் முழங்கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து அவன் கடைசிவரை நடந்தான்.