சுருதிப் பூட்டு

மூவார் ஆற்றங்கரைத் திடலில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி முடித்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஐந்து மணிக்கெல்லாம் கூட்டம் வந்துவிடும். ஷாமளாவுக்குக் கவலை. கூட்டத்தை நினைத்து அல்ல, கணவனை நினைத்து.

திருச்செல்வத்துக்குக் காது போகிறதோ என்று இரண்டு மாதமாக அவளுக்குச் சந்தேகம். பகலில் தம்போய் ஊரில் ஒரு கார் பட்டறையில் தகரம் தட்டுகிறவன், சனி ஞாயிறானால் டிஜே. டிரான்ஸ் என்னும் வேகமான நடன இசை என்றால் ஜொகூரில் ‘டிஜே திரு’வுக்கு ஒரு பேர் இருந்தது. அவளும் அவனோடு மாறி மாறி மேடையில் நிற்பாள். சமீபமாக வீட்டில் டிவி அலறியது. பின்னாலிருந்து கூப்பிட்டால் பதில் வராது.

“கொசு மாதிரி பேசுனா எப்படிலா கேக்கும்?” என்று சிரித்து மழுப்புவான்.

இன்று அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

டிஜே என்றால் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை உள்ளே நுழைக்க வேண்டும். வேகமும் ஒன்றாக இருக்கணும், சுருதியும் சேரணும். எந்தப் பாட்டு எந்தச் சுருதி என்று திரையில் எண் வரும். எண் சேர்ந்தால் பாட்டும் சேரும். ஒரே ஒரு சிக்கல், வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறிவிடும். ஏறாமல் பிடித்துவைக்க ஒரு பொத்தான் உண்டு, கீ லாக். அது வேலை செய்கிறதென்று சொல்ல ஒரு சின்ன விளக்கு. கீ லாக்கை அணைத்துவிட்டாலும் இந்தப் பழைய மெஷினில் திரை எண் மாறாது. காதுதான் சொல்ல வேண்டும்.

அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஷாமளா அந்தப் பொத்தானை அமுக்கினாள். விளக்கு அணைந்தது. தன் கையே தனக்கு அருவருப்பாக இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்தவன் திரையைப் பார்த்தான். எண்கள் சரி. சோதனைக்கு ஒரு பாட்டை ஓடவிட்டு, நிமிடத்துக்கு நூற்று முப்பது தட்டில் ஓடும் அடுத்த பாட்டை அதன் வேகமான நூற்று முப்பத்தெட்டுக்கு ஏற்றி, மெல்ல உள்ளே விட்டான்.

இரண்டு மெட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிறீச்சிட்டன. ஓரத்தில் செண்டோல் என்னும் தேங்காய்ப்பால் ஐஸ் விற்கக் கடை போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாகூட நிமிர்ந்து பார்த்தாள். நிகழ்ச்சியை நடத்தும் மனோகரன், “அலமாக்! என்னம்மா இது?” என்று காதைப் பொத்திக்கொண்டார்.

திருவோ கண்ணை மூடி, கையை மேலே தூக்கி ஆடிக்கொண்டிருந்தான்.

ஷாமளா பாய்ந்து பொத்தானை அமுக்கினாள். பாட்டு சட்டென்று இறங்கிச் சேர்ந்தது. அவன் கண் திறந்தபோது பார்த்தது பொத்தானின் மேல் இருந்த அவள் விரலை. பாட்டை நிறுத்தினான்.

“நீதான் அணைச்சியா?”

“ஆமா.”

“டெஸ்ட் வைக்கிறியா எனக்கு?”

“எப்போலேர்ந்து கேக்கல, திரு?”

அவன் கையிலிருந்த ஹெட்போனைச் சுருட்டினான், பிரித்தான்.

“பேஸ் கேக்குது. நெஞ்சுலயே இடிக்குதே. மேல வர்ற மெல்லிசான சத்தம்தான்... பொங்கலுக்கு முன்னாடியே போச்சு. நம்பரைப் பார்த்துதான் ஓட்டிக்கிட்டிருக்கேன்.”

“என்கிட்டகூடச் சொல்லல.”

“சொல்லியிருந்தா என்னைய மேடை ஏத்தியிருப்பியா?”

ஏற்றியிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

“இன்னிக்கு மட்டும்லா, ஷாம். திங்கட்கிழமை டாக்டர்கிட்ட வரேன், சத்தியமா. போஸ்டர்ல என் மூஞ்சிதான் இருக்கு.”

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று வயர்களைச் சரிபார்க்க ஆரம்பித்தான். அந்த ஸ்பீக்கர்களுக்கு நடுவே இன்னும் மூன்று மணி நேரம் நின்றால் மிச்சமிருப்பதும் என்ன ஆகும்?

மனோகரன் மேடையேறி வந்தார். “யாரு முதல்ல? அவனா, நீயா?”

“நான் மட்டும்தாண்ணே. அவருக்குக் காது சரியில்ல. இனிமே அவர் மேடை ஏற மாட்டாரு.”

குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. இரண்டடி தூரத்தில் திருவின் முதுகு அசையவே இல்லை. மனோகரன் அந்த முதுகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இறங்கிப் போனார்.

வயரை மாட்டிவிட்டுத் திரு சிரித்த முகமாகத் திரும்பினான். “என்னவாம் அண்ணனுக்கு?”

ஷாமளா அவன் கையிலிருந்த ஹெட்போனை வாங்கிக்கொண்டு, முகத்துக்கு நேராக நின்று, அதே வார்த்தைகளை இன்னொரு தரம் சொன்னாள்.