எழுபத்தொரு கிலோ ஆள்

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரரின் வலது காதுக்குள் சமநிலை நரம்பு கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ பைக் ஓட்டக் கூடாதா?" என்பதுதான். தலைசுற்றல் போய்விடும், நடக்கலாம், வேலைக்கு வரலாம், இரண்டு சக்கரத்தில் மட்டும் ஏற வேண்டாம் என்றார் டாக்டர். எக்ஸ்ரேக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் பாதிக்காலம் ஒரே வண்டியை ஓட்டியவர். கல்யாணம் ஆகவில்லை. கூடவே இருந்த தங்கையும் கல்யாணமாகிக் கடல் கடந்து போய்ப் பத்து வருஷமாகிறது. வீட்டில் அவரோடு மிச்சமிருந்தது அந்த வண்டிதான்.

ஆறு மாதம் அதைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது, மூன்றாவது சக்கரம் ஒன்று இருந்தால் வண்டி சாயவே சாயாதே என்று பொறி தட்டியது. பழைய இரும்புக் கடையில் ஒரு சைடுகார், பைக்கின் பக்கவாட்டில் மாட்டும் ஒற்றைச் சக்கர இருக்கை, கிடைத்தது. தெருக்கோடி வெல்டர் நாலு இடத்தில் கம்பி கொடுத்து அதை வண்டியின் இடப்பக்கம் பிணைத்துத் தந்தார்.

தங்கை ஃபோனில் சிரித்தாள். "பக்கத்துல யாரண்ணே உக்காரப் போறா?"

"காய்கறிப் பை" என்றார்.

வண்டி சாயவில்லை. நேராகவும் போகவில்லை. முரட்டு மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவதுபோல இடப்பக்கமாகவே இழுத்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இரண்டு தோளும் கழன்றுவிடும். வெல்டரிடம் கேட்டதற்கு, "பார்வைக்கு நேராத்தானேண்ணே இருக்கு" என்று தலையைச் சொறிந்தார்.

பார்வைக்கு நேராக இருந்தால் போதாது என்பது எக்ஸ்ரேக்காரருக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். தேடிப் படித்தார். சைடுகாரின் சக்கரம் வண்டிக்கு இணையாக நிற்கக் கூடாதாம். முன்பக்கம் ஒரு விரல்கடை உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வண்டியும் செங்குத்தாக நிற்கக் கூடாது. சைடுகாரை விட்டு வெளிப்பக்கம் துளி சாய்ந்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அந்த இழுப்பு நிற்கும். அளக்க நூலில் கட்டிய ஒரு தூக்குக்குண்டும் இரண்டு நீள அலுமினியச் சட்டங்களும் போதும்.

ஆனால் ஒரு சங்கடம். ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி எல்லா அளவும் மாறிவிடும். ஆகவே ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். அவர் உட்கார்ந்தால் அளக்க ஆளில்லை, அளக்க இறங்கினால் உட்கார ஆளில்லை. மணல் மூட்டையை ஸீட்டில் ஏற்றிப் பார்த்தார். அது சரிந்து அவர் பாதத்தின்மேலேயே விழுந்தது.

அவருடைய எடை எழுபத்தொரு கிலோ. அதே எடையில் ஓர் ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரத்துக்கு. அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் அவர் மனிதர்களைக் கிலோவாகத்தான் பார்த்தார். மருந்துக்கடைப் பையன் ஐம்பத்தெட்டு தேறுவான், வேண்டாம். கணக்குப் பிரிவுக்காரர் தொண்ணூறுக்குக் குறையாது. லிஃப்ட் ஓட்டுபவர் சரியாக வருவார். கேட்டார்.

"ஞாயிறா? மாமனார் வீட்டுக்குப் போகணுமே சார்."

லேப்காரருக்கு மகளின் பள்ளிக்கூட விழா. காவலாளிக்கு டியூட்டி. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லாருக்கும் நியாயமான காரணம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருட்டறையில் தனியாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். இருபத்துநாலு வருஷத்தில் இந்த ஊரில் எத்தனை பேருடைய நெஞ்சுக்கூட்டைப் பார்த்திருப்பார்? ஒரு அரைமணி நேரம் வந்து சும்மா உட்காருங்கள் என்று உரிமையோடு கூப்பிட அதில் ஒருத்தர்கூட இல்லை. படங்களை உறையில் போட்டு வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.

ஞாயிறு காலை குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில், தனியாகவே ஆரம்பித்தார். முதல் நட்டு துருப்பிடித்து நகர மறுத்தது. சுத்தியலால் நாலு போடு போட்டார்.

"சார், கொஞ்சம் தூங்க விடறீங்களா?"

மேல்வீட்டு அம்மாள். அவருடைய வீட்டுக்கு நேர் மேலே நாலு வருஷமாகக் குடியிருப்பவள். விடிகாலையில் வேலைவிட்டு வந்து ஷூவைக் கழற்றிப் போடும் டக், டக் இரண்டு சத்தமாகத்தான் அவளை அவருக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயது இருக்கும். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். ஒரு வாரமாக மனசில் ஓடியது முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"உங்க எடை என்னங்க?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவருக்குக் காது சிவந்தது. நரம்பு கெட்ட கதை, எக்ஸ்ரே வேலை என்று தொடங்கி மணல் மூட்டை வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"எழுபத்து மூணு" என்றாள் கடைசியில். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. உக்காந்தா சத்தம் நிக்குமா?"

"அரைமணி. அதுக்கப்புறம் சத்தியமா நிக்கும்."

ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிங் அமுங்கியது. அவர் தரையில் மண்டியிட்டுச் சட்டங்களைச் சக்கரங்களை ஒட்டிப் போட்டார்.

"அசையாதீங்க" என்றார் பழக்கதோஷத்தில்.

"மூச்சு விடலாமா?"

"அதுக்குத் தடையில்ல."

அவள் சிரித்தாள். ஏர்போர்ட்டில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும் வேலையாம். "நீங்க ஆளுங்களை ஊடுருவிப் பாக்கறீங்க, நான் பெட்டிங்களை. ராத்திரி பூரா ஊர் ஊராப் போறவங்க செருப்பையும் துணியையும் பாத்துட்டு, காலைல வந்து நான் கதவைச் சாத்திப் படுத்துக்கறேன்."

அளவு எடுத்தால், சைடுகார் சக்கரம் உள்நோக்கித் திரும்புவதற்குப் பதில் வெளிநோக்கித் திரும்பியிருந்தது. பின்னே இழுக்காமல் என்ன செய்யும்? கீழ்ப்பிடிகளைத் தளர்த்தி, தள்ளி, மறுபடி அளந்து, சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பின்னால் இருப்பதைவிட முன்னால் பதினெட்டு மில்லிமீட்டர் குறைவாக வரும்படி இறுக்கினார். அடுத்தது சாய்வு. மேல்கம்பியின் மரையைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, "இப்ப ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தார். டேங்கின்மேல் கைகளை மடித்துப்போட்டு, அதில் கன்னத்தை வைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள்.

எழுப்பக் கை போனது. எழுப்பவில்லை. ஸ்பேனர் தரையில் படாமல் ஒரு துணியை விரித்துக்கொண்டார். கால் சுற்று, தூக்குக்குண்டு, மறுபடி கால் சுற்று. குண்டு வேண்டிய கோட்டில் வந்து நின்றபோது இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் மறுபடி ஒருமுறை அளந்தார். அதே அளவுதான். இன்னொரு முறை அளந்தார். அவளுடைய மூச்சு ஏறி இறங்குவது நூலில் லேசாகத் தெரிந்தது. அவர் சக்கரத்தருகே சப்பணமிட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த நட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதரின் பக்கத்தில், பேச வேண்டிய அவசியம் இல்லாமல், அப்படி உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை.

மாடியிலிருந்து யாரோ வாளியைக் கீழே வைத்த சத்தத்தில் விழித்துக்கொண்டாள். "ஐயோ, தூங்கிட்டேனா? முடிஞ்சுதா?"

"இப்பத்தான் முடிஞ்சுது" என்று பொய் சொன்னார்.

காலியான சைடுகார் திருப்பத்தில் மேலே தூக்காமலிருக்க, கால்வாசியாகக் குறைத்த மணல் மூட்டையை அதற்குள் போட்டுக் கட்டிக்கொண்டு, அன்றைக்கே வண்டியை எடுத்தார். பெரிய சாலையில் கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்றிருந்தது. வண்டி கோடு போட்டதுபோல் ஓடியது. திரும்பி வந்து மேல்வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று படியேறிப் பாதியில் நின்றார். தூங்குவாள். இறங்கிவிட்டார். மறுநாள் படியில் எதிர்ப்பட்டபோது, "நேரா ஓடுதுங்க" என்றார். "பரவாயில்லையே, நான் தூங்கினதுக்கும் பலன் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அதற்குப் பிறகு பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள். ஷூ விழும் சத்தம் கேட்டால், வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவர் வேலைக்குக் கிளம்புவார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவளே கீழே வந்து கதவைத் தட்டினாள். வேறு ஊர் ஏர்போர்ட்டுக்கு மாற்றலாகிவிட்டது. சாமான்கள் லாரியில் போய்விட்டன. பெட்டி ஒன்றும் அவளும்தான் பாக்கி. ரயிலடி வரைக்கும் கொண்டுவிட முடியுமா?

மணல் மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சைடுகாரில் உட்கார்ந்தாள். தெருவைத் தாண்டியதுமே வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. அவர் கைகள் விறைத்திருப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"இழுக்குதா?"

"கொஞ்சம்."

"நேரா ஓடுதுன்னீங்களே?"

"அது பக்கத்துல ஆள் இல்லாம ஓட்டறதுக்குச் சரி பண்ணினதுங்க. ஆள் உக்காந்தா அளவு மாறிடும்."

சிக்னலில் வண்டி நின்றபோது, "அன்னைக்கே சொல்லியிருந்தா இதுலயும் யாரையாவது உக்கார வெச்சிருக்கலாம்ல" என்றாள்.

"யாரை?" என்று கேட்டார் அவர். குறையாகச் சொல்லவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

ரயிலடியில் இறங்கி, கசங்கிய உடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "உடம்பைப் பாத்துக்கங்க. அந்தக் காதையும்." பெட்டியை உருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். ஒருமுறை திரும்பிக் கையை உயர்த்தினாள். அவரும் உயர்த்தினார்.

திரும்பும்போது வண்டி மறுபடி நேராக ஓடியது. கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்து மேல்கம்பியின் நட்டில் மாட்டினார். இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினால், பக்கத்தில் ஒருவர் உட்காரும்போது இழுக்காது. காலியாகப் போகும்போது வலப்பக்கம் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தார். பிறகு அரைச் சுற்றுத் திருப்பி இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறினார்.