மேற்குப் பார்த்த ஷோகேஸ்

பொய்ப்பல் செய்வது அவர் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு லேபின் சின்ன அறையில் மெழுகும் பீங்கானுமாக இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவர். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பல்லுக்காரர். அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பல் கச்சிதமாக அமைந்துவிட்டால் அது பொய்ப்பல் என்றே யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். ஆகவே அவரை யாரும் பாராட்டியதில்லை. அதை எதிர்பார்த்ததும் இல்லை என்றுதான் அவரும் சொல்லிக்கொள்வார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சிப்பாய்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். ரெசின் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் வார்த்தவர்கள். வாங்கும்போது ஒரே சாம்பல் நிறமாக இருப்பார்கள். முகம், சட்டை, பொத்தான், பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டி, கடைசியாகக் கண்ணுக்கு ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் தும்மினால் மனைவிகூட மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இப்படிப் பதினோரு வருடத்தில் நீலச்சட்டைப் படை ஒன்றும் சிவப்புச்சட்டைப் படை ஒன்றும் சேர்ந்துவிட்டன. நூற்று அறுபத்து நான்கு சிப்பாய்கள், பன்னிரண்டு குதிரைகள், மூன்று பீரங்கிகள்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "பகல் முழுக்க அடுத்தவங்க பல்லு, சாயங்காலம் பொம்மைக்கு மீசை. என் மூஞ்சியைப் பார்க்க நேரம் எங்க?" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கொடிகளை அவள்தான் செய்து கொடுத்தாள், கிழிந்த பட்டுத்துணியில், ஊசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு. அவளுடைய தம்பி வந்தால் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, சண்டை எப்ப ஆரம்பிக்குது? பதினோரு வருஷமா அணிவகுத்தே நிக்கிறாங்களே, கால் வலிக்காதா?" என்பான்.

பெயின்ட் வாங்குகிற கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருந்தது. பொம்மை ரயில், விமான மாதிரிகள், பசை, பிரஷ் எல்லாம் விற்கும் கடை. கடைக்காரர் பேச்சுப்பிரியர். ஒருநாள், "இவ்வளவு பிரஷ் வாங்கிட்டுப் போறீங்களே, அதை வெச்சு என்னதான் பண்றீங்கன்னு ஒருநாளும் காட்டினதில்லையே?" என்று கேட்டார். மறுமுறை போகும்போது பல்லுக்காரர் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து ஒரு குதிரைவீரனைக் கொண்டுபோனார். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்து, சட்டைப் பொத்தான்களைக்கூட எண்ணினார்.

"இதைப் போயா வீட்ல பூட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் பிறகு. "மொத்தப் படையையும் கொண்டாங்க. ஒரு மாசம் என் ஷோகேஸ்ல நிக்கட்டும். ஊர் பார்க்கட்டும்."

ஒரு சனிக்கிழமை காலையில் கணவனும் மனைவியும் நாலு அட்டைப்பெட்டிகளோடு போய் இறங்கினார்கள். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் பச்சைத்துணி விரித்து, இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்து முடிக்க நாலு மணிநேரம் ஆயிற்று. கடைக்காரர் ஓர் அட்டை எழுத உட்கார்ந்தார்.

"பேர் என்ன போடட்டும்?"

"பேரெல்லாம் வேண்டாங்க."

"அட, கூச்சப்படாதீங்க."

"வேண்டாம், விடுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, 'வண்ணம் தீட்டியவர்: நம்ம பல்லுக்காரர்' என்று எழுதிக் கண்ணாடியோரம் சாய்த்து வைத்தார்.

ஒரு விஷயம் பல்லுக்காரரை உறுத்தியது. ஷோகேஸ் மேற்குப் பார்த்தது. "பிற்பகல் வெயில் நேரா விழுமே?" என்றார்.

"உள்பக்கம் திரை இருக்கு சார். ரெண்டு மணிக்கு இழுத்துவிடுவேன், அஞ்சு மணிக்குத் திறப்பேன். உங்க படைக்கு நான் பொறுப்பு."

அன்று சாயங்காலம் பல்லுக்காரர் எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நிற்பவர்போல நின்றார். மூன்று பஸ்கள் வந்து போயின. பையோடு வந்த ஓர் அம்மாள் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, கூட வந்தவளிடம், "ஏய், இங்க பாருடி, இந்த ஆள் கொட்டாவி விடறான்!" என்று கத்தினாள். பின்வரிசையில் ஒரு சிப்பாயை அவர் கொட்டாவி விடுகிறவனாகத் தீட்டியிருந்தார். எட்டு வருடமாக அதை யாரும் கவனித்ததில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை இரண்டு முறை சொன்னார். அவள் கிண்டல் செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை கடைக்காரர் போன் செய்தார்.

"சார்... கடைக்கு சீல் வெச்சுட்டாங்க."

கட்டிடத்தின் சொந்தக்காரர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருடைய பிள்ளைகளுக்குள் வழக்கு. யாருக்கு எந்தப் பக்கம் என்று தீரும்வரை கட்டிடத்தையே பூட்டி வைக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு. கடைக்காரர் வாடகைக்கு இருந்தவர். அவரைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. கண்ணாடி டம்ளரைக்கூட எடுக்கவிடவில்லையாம்.

பல்லுக்காரர் கையிலிருந்த அச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஷட்டர் பூட்டில் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். ஷோகேஸுக்கு ஷட்டர் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு படைகளும் ஒன்றும் நடக்காததுபோல நின்றுகொண்டிருந்தன. அவருக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒரு விரல்கனம் கண்ணாடி. திரை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. இரண்டு மணிக்கு அதை இழுத்துவிட ஆள் இல்லை.

மெழுகோடு வாழ்கிறவருக்கு வெப்பம் என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று பிற்பகலே செய்தித்தாளும் டேப்பும் கொண்டுவந்து கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டினார். மறுநாள் போனால் தாள் இல்லை. வாசலில் புதிதாக ஒரு வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் கிழிச்சேன் சார். கோபப்படாதீங்க. சீல் வெச்ச இடத்துல எதையும் ஒட்டக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. என் வேலை போயிடும்."

"உள்ள இருக்கறது என்னோடது."

"இருக்கும் சார். நான் இல்லேன்னு சொல்லலையே."

மேஜை மேஜையாக அலைந்து, கடைசியில் கோர்ட் ஆபீஸில் சரியான இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே இருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து பட்டியலைப் படித்தார். "முன்பக்கக் கண்ணாடி அலமாரியில்... 'சிறு பொம்மைகள், பல'."

"அதுதாங்க. நூத்தி அறுபத்து நாலு சிப்பாய்."

"உங்களோடதுங்கறதுக்கு ஏதாவது இருக்கா? ரசீது? கடைக்காரர் எழுதிக் கொடுத்தது?"

அப்படி எதுவும் எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை என்றார். பிறகு நினைவு வந்து, கண்ணாடி வழியாக எடுத்திருந்த போட்டோவைப் போனில் காட்டினார். கிளார்க் அதைப் பெரிதாக்கி அட்டையை வாசித்தார்.

"வண்ணம் தீட்டியவர்னுதான் போட்டிருக்கு. சொந்தக்காரர்னு போடலையே?" என்றார். பிறகு தயங்கி, "அதோட, இதுல உங்க பேரும் இல்லை சார்," என்றார்.

பல்லுக்காரர் போனைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தார்.

"கடைக்காரர் வந்து சொன்னா போதுமா?"

"மனு போடலாம். வழக்கு அடுத்த தேதிக்கு வரும்போது நீதிபதி பார்ப்பார். நாலு மாசம் ஆகலாம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க?"

யாரிடம் போனாலும் இதே பேச்சுதான். சண்டை போடலாமென்றால்கூட எதிரில் ஆள் இல்லை. கடைக்காரர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார், போனில் அழுதார், பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வாட்ச்மேனோ இவரைக் கண்டாலே எழுந்து நின்று ஸ்டூலைக் கொடுத்தார்.

பல்லுக்காரர் பிறகு செய்தது ஒன்றுதான். குடை. ஒட்டத்தானே கூடாது, பிடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? அரைநாள் லீவு போட்டுவிட்டு, பெரிய கறுப்புக்குடையை விரித்து, கண்ணாடிக்கு வெயில் படாமல் இரண்டிலிருந்து ஐந்துவரை நின்றார். வாட்ச்மேன் யோசித்துப் பார்த்து, "குடை பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லலை" என்றார்.

மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் கத்தித் தீர்த்தாள். "பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு? பிரஷர் மாத்திரை போடற மனுஷன் வெயில்ல நின்னு பொம்மைக்குக் குடை பிடிக்கறதா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" அவர் மறுநாளும் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாலு மணிக்கு எப்படியோ நழுவி ஓடிவந்தபோது கடை வாசலில் குடை விரிந்திருந்தது. அடியில் அவள். காலை டியூட்டி முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருந்தாள். நர்ஸ் உடுப்புக்கூட மாற்றவில்லை.

"என்னைப் பார்க்காதீங்க," என்றாள். "குடையைப் பிடிங்க, கை மரத்துப்போச்சு."

ஆனால் ஒரு குடை எத்தனை தூரம் மறைக்கும்? கண்ணாடி எட்டடி அகலம். நீலச்சட்டைகளைக் காத்தால் சிவப்புச்சட்டைகள் வெயிலில் கிடந்தன. எந்தப் பக்கத்தைக் காப்பது என்று ஒவ்வொரு பிற்பகலும் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அது அவரை மிகவும் வாட்டியது. லீவு தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் அவளுடைய ஷிப்டை மாற்றினார்கள். கோடை முற்றியது. வாரத்துக்கு ஆறு நாளாக இருந்தது மூன்றாகி, ஒன்றாகிப் போனது.

முதலில் ஈட்டிகள் வளைந்தன. பிறகு சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாயிற்று. ஒருநாள் முன்வரிசைக் குதிரை ஒன்று முழங்கால் மடிந்து கீழே போயிருந்தது. அதன்மேல் இருந்த தளபதி முகம்குப்புறக் கிடந்தான். பசை விட்டுக் கைகள் உதிர்ந்தன. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்! யுத்தம் முடிஞ்ச களம் மாதிரியே பண்ணியிருக்காரு பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பல்லுக்காரர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அது வேறு எங்கோ போகிற பஸ். அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கே அவர் போகவில்லை.

ஐந்தாவது மாதம் கிளார்க்கே போன் செய்தார். கட்டிடம் மூத்த மகனுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. புதிய சொந்தக்காரருக்குக் கடை காலியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். "உங்க மனுவும் அனுமதி ஆயிடுச்சு சார்," என்றார், ஒரு நல்ல செய்தி சொல்கிற குரலில்.

வெள்ளிக்கிழமை கணவனும் மனைவியும் அதே நாலு பெட்டிகளோடு போனார்கள். ஐந்து மாதமாகக் கடைக்காரரை எப்படியெல்லாம் கேட்க வேண்டும் என்று அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். 'பொறுப்புன்னு சொன்னீங்களே?' என்பதில் ஆரம்பிப்பதாக இருந்தது. கடைக்காரர் வாசலில் நின்றார். மருமகனுடைய சட்டை போலிருக்கிறது, தோள் தொங்கியது. பாதி உடம்பாகியிருந்தார்.

அரக்கை உடைத்தார்கள். உள்ளே புழுக்கம் முகத்தில் அறைந்தது. கோர்ட்டிலிருந்து வந்திருந்த ஊழியர், அமீனா, ஒவ்வொன்றாக எண்ணி எழுதவேண்டும் என்றார். பல்லுக்காரர் இடுக்கியால் எடுத்துக் காட்ட, அவர் எழுதினார்.

"இது?"

"குதிரை."

"கால் இல்லையே?"

"இல்லைன்னு எழுதிக்கோங்க."

பின்வரிசையில் பதினேழு பேர்தான் முழுசாக இருந்தார்கள். மற்றவர்களைத் தொட்டால் பெயின்ட் செதிலாக உதிர்ந்தது. கொட்டாவிச் சிப்பாய்க்கு முகமே இல்லை. மனைவி பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, மெல்ல, "திரும்பத் தீட்டலாம்ல?" என்றாள்.

"தெரியலை," என்றார் அவர். உண்மையிலேயே தெரியவில்லை.

கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டிக்குள் பார்த்தார். "நான்தான் சார் கொண்டாங்கன்னேன்," என்றார். "உங்க பாட்டுக்கு வீட்ல வெச்சிருந்தீங்க. நான்தான்..." தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து அப்படியே நின்றார். பல்லுக்காரர் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. இரண்டு பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பல்லுக்காரர் கடையை ஏறெடுத்துப் பார்த்தார். கூரைவரை அலமாரிகள். ஆயிரக்கணக்கில் பெட்டிகள். வாசலில் ஒரே ஒரு வேன். கடைக்காரரும், முதுகுவலிக்காரரான மருமகனும் மட்டும். மணி ஒன்றாகியிருந்தது. ஆறு மணிக்குள் பாதிகூட முடியாது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"இதை எங்க கொண்டு வைப்பீங்க?" என்று கேட்டார்.

"தெரியலை சார். மகள் வீட்ல ஒரு ரூம் தரேன்னா. மிச்சம் போறது போகட்டும்."

பல்லுக்காரர் தன் நாலு பெட்டிகளையும் வாட்ச்மேனின் ஸ்டூலுக்குப் பக்கத்தில், நிழலாகப் பார்த்து வைத்தார். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள். பிரஷர் மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.

ரயில் பெட்டிகளை முதலில் இறக்கினார்கள். அப்புறம் விமானங்கள், பெயின்ட் புட்டிகள். வாட்ச்மேனும் ஒரு கட்டத்தில் வந்து கை கொடுத்தார். வேன் மூன்று முறை போய்வந்தது. அமீனா ஐந்தரைக்கு ஒருமுறை, ஐந்தே முக்காலுக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பின்சுவரில் இரண்டு அலமாரிகள் நிறையச் சாமான் அப்படியே இருந்தது. பல்லுக்காரர் கை எட்டுகிற உயரத்திலிருந்து பெட்டிகளை வாரி வாரி மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கி வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்தாள். கடைக்காரர் ஒவ்வொன்றின் பெயரையும் பழக்கத்தில் படித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

சரியாக ஆறு மணிக்கு அமீனா, "போதும் சார், எல்லாரும் வெளியில வாங்க," என்றார். பல்லுக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, எட்டாத மேல்தட்டுகளை அப்படியே விட்டு வெளியே வந்தார்.