போற்றி என்று கேட்டவர்கள்

சபையின் வீடு சந்திப்புக் குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். வரி ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சபையிலும் அவருக்குச் சூப்பிரண்டு என்றே பெயர். நோயாளி வீட்டுக்குப் போனாலும் ஃபைல் பார்க்க வந்தவர் மாதிரிதான் உட்காருவார்.

சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் பக்கவாதத்தில் விழுந்து நாலு மாதம் கழித்துத்தான் குழுவுக்கு அவர் ஞாபகம் வந்தது. சூப்பிரண்டையும் சேர்த்து மூன்று பேர் வந்தார்கள்; இறைச்சிக் கடைக்கார அம்மாவும் அதில் ஒருத்தி. டிரைவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய மகள், ஒண்டியாக. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை; மத்தியானம் ஓடி வந்து அப்பாவைப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். அப்படியும் இடுப்பில் புண் வந்துவிட்டது.

சூப்பிரண்டு அரைமணி நேரம் ஜெபித்தார். பாதிக்கு மேல் அவருடைய சொந்த முழங்கால் வலி குணமான கதை. நடுவில் டிரைவர் கோணிய வாயைத் திறந்தார்.

"போ... போ..."

சூப்பிரண்டு கண்ணைத் திறந்தார். "கேட்டீங்களா? போற்றின்னு சொல்ல வர்றாரு! நாலு மாசமா அடைஞ்சு கிடந்த வாய்!" கூட வந்த இரண்டு பேரும் ஆமென் என்றார்கள்.

மகளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அப்பா தினமும் ஈயைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அது. தண்ணீர் வேண்டாம் என்றாலும் அதுதான். அவள் வாய் திறப்பதற்குள், "சாட்சி சொல்லணும்மா, மறைக்கக் கூடாது," என்று சூப்பிரண்டு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னார். அதில் ஒரு வார்த்தை ஒரு முழு வசனமாக வளர்ந்திருந்தது. டிரைவர் கையை வேறு உயர்த்தியிருந்தாராம்.

அடுத்த சனிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். செருப்பு விட வாசலில் இடமில்லை. ஒருத்தர் போனைக் கட்டிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து அப்பா படுக்கையை நனைத்துவிட்டார்.

"துணி மாத்தணும். யாராவது காலை மட்டும் தூக்கிப் பிடிங்க, ரெண்டே நிமிஷம்," என்றாள் மகள்.

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்திக்கு இடுப்புப் பிடிப்பு. ஒருத்தருக்கு வெள்ளைச் சட்டை. சூப்பிரண்டு சொன்னார்: "முதல்ல துதிச்சுடுவோம்மா. மத்தது தானா நடக்கும்."

"தானா எப்படி நடக்கும்? நான்தான் மாத்தணும்."

அவர் காதில் வாங்காமல் டிரைவரிடம் குனிந்தார். "ஐயா, அன்னைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"போ!" என்றார் டிரைவர், முன்பைவிடத் தெளிவாக.

"அல்லேலூயா!" என்று அறை அதிர்ந்தது.

மகள் நனைந்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அவரு உங்களைப் போகச் சொல்றாருங்க. போன வாரமும் அதைத்தான் சொன்னாரு. உங்களுக்குப் புரியலை, அவ்வளவுதான்."

போன் பிடித்தவர் மெல்ல இறக்கினார். சூப்பிரண்டின் முகத்தில் ஈயாடவில்லை. "வருத்தத்துல பேசறே மகளே. உனக்காகவும் ஜெபிக்கிறோம்," என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். பத்துப் பேரும் போனார்கள்.

இறைச்சிக் கடைக்கார அம்மா மட்டும் நின்றாள். கேட்காமலே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவரின் கால் இரண்டையும் தூக்கிப் பிடித்தாள்.

"எனக்குப் போன வாரமே புரிஞ்சுதும்மா."

"அப்ப ஏன் சொல்லலை?"

"எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன்."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உலர்ந்த துணியை அப்பாவுக்கு அடியில் விரித்தாள்.

டிரைவரைப் பற்றிய சாட்சியைச் சூப்பிரண்டு திரும்பப் பெறவில்லை. மகளின் கசப்பு நீங்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் மட்டும் ஜெபப் பட்டியலில் சேர்ந்தது. குழு வேறு வீடுகளுக்குப் போகத் தொடங்கியது.

இறைச்சிக் கடைக்கார அம்மா செவ்வாயும் சனியும் வருகிறாள். பத்தே நிமிஷம், ஜெபம் கிடையாது. புண் ஓரளவு ஆறியிருக்கிறது. மகளுக்கு அவள்மேல் பெரிய மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவும் சபையில் முன்வரிசையில்தான் உட்கார்ந்து தலையாட்டுகிறாள். ஆனால் கை பலமான கை. அப்பாவைத் திருப்ப அது போதும்.