பிப்ரவரி பத்தொன்பதின் கடைசிப் பாட்டு

எழில்மதிக்குப் பிறந்தநாள் வந்தாலே அப்பாவோடு சண்டைதான். கூச்சல் போடுகிற சண்டை இல்லை, மனசுக்குள்ளேயே நடத்திக்கொள்கிற சண்டை. அவள் பிறந்தது பிப்ரவரி பத்தொன்பது. அவள் அப்பா மாயவன் உயிரையே வைத்திருந்த சினிமாப் பாடகர் ஒருவர் இறந்ததும் பிப்ரவரி பத்தொன்பதுதான், அவள் பிறப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால். மாலை போட்ட படமும் மெழுகுவத்தி ஏற்றிய கேக்கும் ஒரே கூடத்தில் எப்படி இருக்கும்?

"ஐயா போன நாளும் அதுவுமா கேக் வெட்டுனா நல்லாவா இருக்கும்?" என்பார் மாயவன். ஆகவே மறுநாள்தான் கேசரி. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரு நாள் தாமதமாகத்தான் பிறந்துகொண்டிருக்கிறாள்.

மாயவன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆள். ஆனால் மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில், லோடு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் காத்துக் கிடக்கிற யார்டில், அவர் வேறு மனிதர் என்று ஊரில் பேச்சு. முன்பெல்லாம் ஒவ்வொரு டிராக்டரும் ஒவ்வொரு பாட்டை அலறவிட, யாருக்கும் எதுவும் கேட்காதாம். கடைசியில் டிரைவர்களே கூடிப் பேசி, காலையில் மாயவன் வண்டி ஸ்பீக்கர் மட்டும்தான் பாடும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, இதே தேதியில் பாட்டு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று சொல்லிச் சொல்லிப் போடுவார். எழில்மதி அதை ஒருநாளும் கேட்டதில்லை. கரும்பு யார்டில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை?

அடுத்த வாரம் அவள் ஓசூருக்கு வேலைக்குப் போகிறாள். கம்பெனி, ஹாஸ்டல் என்று போய்விட்டால் இனி பிப்ரவரியில் எங்கே லீவு கிடைக்கப்போகிறது? போவதற்குள் அந்தப் பத்தொன்பதாம் தேதியிலேயே, யார்டுக்கே போய் நின்று, அப்பா வாயால் ஒரு வார்த்தை வாழ்த்து வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"போவாதடி. அன்னிக்கு அந்த மனுசன் மொகம் குடுத்துப் பேசமாட்டாரு" என்றாள் அம்மா பச்சையம்மாள். எழில்மதி கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் அரைக் கிலோ கேக் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே ஆலைக்குப் பஸ்ஸில் வந்தாள்.

ஆலை வாசலில் இறங்கும்போதே குரல் கேட்டது. அப்பாவா இது? ரேடியோக்காரர் மாதிரி சுத்தத் தமிழ்.

"இதே பிப்ரவரி பத்தொன்பதில்தான் நம் ஐயா முதன்முதலாக ஒரு பாட்டுப் பதிவுக்குப் போனார். தனியாக அல்ல, கோரஸில் கடைசி ஆளாக. பல வருடங்கள் கழித்து, இதே பிப்ரவரி பத்தொன்பதில் அவர் நம்மை விட்டுப் போனார்."

சோகப் பாட்டு ஒன்று தொடங்கியது. டிரைவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கரும்பு லோடின் மறைவில் நின்ற எழில்மதிக்கு உடம்பு கூசிப்போயிற்று. சாவு வீட்டுக்குக் கேக்கோடு வந்து நிற்கிறோமே என்று தோன்றியது. அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம். பேசாமல் திரும்பி நடந்தாள்.

பாட்டு முடிந்தது. மைக் மறுபடி செருமியது.

"இதே பிப்ரவரி பத்தொன்பதில், கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் ஒரு புதுக்குரல் கேட்டது. முதல் அழுகையே உச்சஸ்தாயி. பெற்றவளைத் தவிர, கேட்டவர்கள் நர்சம்மாவும் நானும்தான். அதைப் பதிவு செய்ய அன்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு."

எழில்மதியின் கால் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு வெடித்தது. அதற்காகவே காத்திருந்தவர்கள்போல டிரைவர்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆட இறங்கிவிட்டார்கள். செழியன் என்ற டிரைவர் தேன்மிட்டாய்ப் பையோடு அவள் பக்கம் வந்தான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"எடுத்துக்கம்மா. மாயவண்ணன் பொண்ணு பொறந்த நாளு. வருசா வருசம் குடுப்பாரு. அது பத்தாவதுல ஸ்கூல் பர்ஸ்ட்டு, தெரியுமா? இப்ப ஓசூர் போவுதாம். மனுசன் சோறு எறங்காம சுத்திக்கினு கீறாரு."

மிட்டாய் கைக்கு வருமுன்னே கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அதைவிடக் கோபம் ஒரு பங்கு ஜாஸ்தி. இத்தனை வருஷமும் பேர் தெரியாத டிரைவர்களெல்லாம் தன் பிறந்தநாளை ஆடிக் கொண்டாடியிருக்கிறார்கள், தான் மட்டும் வீட்டில் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டு கிடந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்கப் பொத்துக்கொண்டு வந்தது. நேரே டிராக்டர் முன்னால் போய் நின்றாள். மாயவன் பாட்டை அணைத்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீற. எங்கிட்ட ஏம்பா சொல்லல?"

மாயவன் மைக்கைக் கீழே வைத்தார். வீட்டு மாயவன் திரும்பி வந்துவிட்டார்.

"மைக்குல வருது கண்ணு. உன் மொகத்தப் பாத்தா வாய் வரமாட்டுது."

"அப்ப மைக்குலயே சொல்லு. நான் இங்கியேதான் நிப்பன்."

மைக்கை எடுத்து அவளே அவர் கையில் திணித்தாள். யார்டு முழுக்கக் காத்திருந்தது. ஸ்பீக்கரில் முதலில் மூச்சு கேட்டது. அப்புறம் ஒரு விசும்பல். ரேடியோத் தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"பொறந்த நாளு... நல்லா இருடி கண்ணு. அங்க போயி வேளாவேளைக்குத் துன்னு."

கேக்கை டிராக்டர் பானெட் மேலேயே வைத்து வெட்டினாள். பக்கத்திலேயே, வண்டியில் மாட்டியிருந்த ஐயா படம், காலையில் போட்ட மாலையோடு. முதல் துண்டை எடுத்த மாயவனின் கை, எதையும் முதலில் ஐயாவுக்கே படைத்த இருபது வருஷப் பழக்கத்தில் படத்தின் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பி வந்து மகளுக்கு ஊட்டியது.